ஏசுகிற கங்காணிக்கு முதலில்

தானா ராத்தா பேருந்து நிலையத்தில் டிக்கெட்டுக்கு நின்றேன். எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியம்மா. அவர் பக்கத்தில் கம்ப்யூட்டர் பையோடு ஓர் இளைஞர்.

"நம்மள ரொம்ப ஏசுற கங்காணிக்குத்தான் மொதல்ல குடுக்கணும்" என்றார் கிராணியம்மா.

"எல்லா டிவிஷனுக்கும் ஒரே நாள்ல, போன்ல பதியிற புது சிஸ்டம்னு மேனேஜர் துரை சொல்றாரேக்கா. கொழுந்து எடை, ஆள் பேரு, உரம், எல்லாம் ஒண்ணா."

"விழுந்தா எல்லாம் ஒண்ணா விழும்லா."

"அப்ப மேல் டிவிஷன்ல ஆரம்பிக்கலாம். அந்தக் கங்காணி தங்கமான மனுசன்."

"போன சிஸ்டத்த அவருக்குத்தான குடுத்தோம். துரை மனசு நோகக் கூடாதுன்னு, நல்லாருக்கு நல்லாருக்குன்னே சொன்னாரு. மூணு மாசமா நோட்டுலதான் எழுதிக்கிட்டு இருந்திருக்காரு."

கிராணியம்மாவின் போன் அடித்தது. சற்று நேரம் கேட்டுவிட்டு வைத்தார்.

"கீழ் டிவிஷன் கங்காணி. ஏசுறாரு."

"என்னவாம்?"

"மழையில நிறுக்கறப்ப கையெல்லாம் ஈரம், அந்த ஸ்கிரீன் வேலை செய்யுமான்னு யாராச்சும் யோசிச்சீங்களாங்கிறாரு."

இளைஞர் தூறலில் கையை நீட்டி நனைத்து, தன் போனைத் தேய்த்துப் பார்த்தார். இரண்டு முறை தேய்த்தும் திரை நகரவில்லை.

"துரைகிட்ட நான் பேசுறேன். கீழ் டிவிஷன்லயே ஆரம்பிப்போம்" என்றார். "அந்தக் கங்காணி நம்பர் குடுங்கக்கா."