பாயம்மா வீட்டு பி.பி. நம்பர்

“எம்புள்ள பெயிலுன்னு சொன்ன வாயி புழுத்துத்தான் போவும்” என்று வேலாத்தாள் கத்தினாள்.

“என்னைய எதுக்கு ஆத்தா சபிக்கிற? எங்காதுல விழுந்தத நாஞ்சொன்னேன்” என்று பதிலுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியாத்தாள் கத்தினாள்.

எங்கள் வீட்டு அடுப்பில் அப்போது பருப்பு வெந்துகொண்டிருந்தது. சண்டை வாசலுக்கே வந்துவிட்டதால் திரியைக் குறைத்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். சண்டை என்றால் எனக்கு முன்வரிசை வேண்டும். அதை மறைப்பானேன்.

“பாயம்மாவே போன்ல கேட்டுச் சொன்னாங்க. எல்லாப் பாடத்துலயும் பாஸு” என்றாள் வேலாத்தாள்.

“அதே பாயம்மாதான் எங்கிட்ட மூணுல பெயிலுன்னு சொன்னாங்க. அதா, வந்துட்டாங்க. கேளு.”

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். வரிசையாக ஒட்டியிருந்த லைன் வீடு மொத்தமும் திரும்பியது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் சங்கடம்.

இது நடந்தது எண்பத்தெட்டில், ராயபுரத்தில்; சென்னை ராயபுரம் இல்லை, எங்கள் பனியன் ஊர் ராயபுரம். என் வீட்டுக்காரர் நஜீமுதீனுக்குப் பனியன் வேஸ்ட், அதாவது கழிவுத் துணி, வியாபாரம். அதற்காக வாங்கிய போன்தான் எங்கள் லைனிலேயே ஒரே போன். சுற்றிலும் இருந்த குடித்தனங்கள் எல்லாம் எங்கள் நம்பரை பி.பி. என்று போட்டுக் கொடுத்திருந்தன. போன் வந்தால் நான் போய்க் கூப்பிட வேண்டும். அந்தப் பக்கம் வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி அடிப்பார்கள். அதற்குள் இங்கே ஆள் வந்து நிற்க வேண்டும். அதுதான் வழக்கம். வந்து நிற்கிறவர்கள் பேசுவதை நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். ஒரு வருடத்தில் நான் உரித்த வெங்காயம் ஒரு கல்யாணத்துக்குக் காணும்.

வேலாத்தாள் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். பனியனை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுகிற வேலை. புருஷன் இல்லை. ஒரே பெண், சாரதாமணி. முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து, நுழைவுத் தேர்வு எழுதி, சென்னையில் பெரிய என்ஜினியரிங் கல்லூரியில் இடம் வாங்கிவிட்டாள். என் மகன் அக்பர் இங்கிலீஷ் மீடியம், இரண்டு டியூஷன். அவனும் அதே தேர்வை எழுதினான். இப்போது வேஸ்ட் மூட்டை கட்டுகிறான். பொறாமையா என்று கேட்டால், இல்லை என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாரதாமணி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். சிப்மெண்ட் நேரத்தில் வேலாத்தாளுக்கு ஞாயிறும் வேலை இருக்கும். “எதுக்குக் கண்ணு திரும்பத் திரும்ப எஸ்.டி.டி.க்குக் காசு, எங்கிட்டச் சொல்லு, நாஞ்சொல்லீர்றேன்” என்றேன். நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தது. பிறகு வேலாத்தாள் வீட்டில் இருந்த ஞாயிறுகளிலும் நான் கூப்பிடப் போகவில்லை. செய்தி முதலில் என் வாய்க்கு வந்து, நான் எடுத்துக் கொடுத்த பிறகுதான் அடுத்தவருக்குப் போக வேண்டும் என்பது ஒரு ருசி. பழகிவிட்டால் விடாது.

அந்தத் தை மாதம் சாரதாமணி போனில் அழுதாள்.

“கணக்கு, டிராயிங், மெக்கானிக்ஸ், மூணும் போச்சுங்க பாயம்மா. வாத்தியாரு கேக்கறது புரியுதுங்க. பதிலு தமிழ்ல வந்துருதுங்க. அதத் தூக்கி இங்கிலீசுல போடறதுக்குள்ள அவரு அடுத்த பெஞ்சுக்குப் போயிர்றாரு. என்னால முடியலீங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க. வேற யாருக்கும் வேண்டாமுங்க.”

நான் தலைகீழாகச் செய்தேன். வேலாத்தாள் மனது நோகக் கூடாது என்று அவளிடம் பாஸ் என்றேன். பெரியாத்தாளிடம் பெயில் என்றேன். அவள் வந்து உட்கார்ந்திருந்தாள், வேறு பேச்சும் இல்லை. அவளோடு நிற்கும் என்று நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

அந்தச் சண்டைதான் வாசலில் நடந்தது. எல்லாரும் பார்க்க நான் பெரியாத்தாளைக் கேட்டேன்: “நான் எப்பச் சொன்னேன் பெரியாத்தா? பெயிலுங்கற பேச்சே எனக்கு நீ சொல்லித்தான தெரியுது.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேலாத்தாள் பார்க்கவே இல்லை. என்னைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பெரியாத்தாளோடு லைனில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். வேலாத்தாளுக்கு நான் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு கவலை. தாயும் மகளும் ஐந்து நிமிடம் பேசிவிட்டால், தெருவுக்குச் சொன்னது யார் என்று தெரிந்துவிடும். கடிதத்துக்கு நான் பயப்படவில்லை. வேலாத்தாளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. படிப்பதும் எழுதுவதும் நான்தான்.

மறுநாள் காலையிலேயே வேலாத்தாள் வந்து மெதுவாகச் சொன்னாள்: “ஒருவேள பெயிலே ஆயிருந்தாலும் போகுதுங்க. முடியலீன்னா ஊட்டுக்கு வந்துரச் சொல்லுங்க. நா ஒரு வார்த்த கேக்க மாட்டேன்னு சொல்லுங்க. எங்கூடச் செக்கிங் பாத்தாலும் சோறு திங்கலாமுங்க.”

ஞாயிற்றுக்கிழமை நான் சாரதாமணியிடம் சொன்னது இது: “தெருவுக்கே தெரிஞ்சு போச்சு கண்ணு. எப்படின்னு தெரியல. உங்கம்மா தலைநிமிந்து நடக்க முடியலீங்கறா. எல்லாத்தயும் பாஸ் பண்ணீட்டு வந்தாப் போதும், அதுவரைக்கும் மூஞ்சியில முழிக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னா.”

அவள் “சரிங்க” என்றாள்.

அவள் லீவுக்கு வரவில்லை; லீவிலும் படிப்பு இருக்குதாம் என்று வேலாத்தாளிடம் சொன்னேன். ஹாஸ்டல் மூடுகிற நாட்களில் யாரோ தோழி வீட்டில் தங்கிப் படித்தாள். டிராயிங்கை நான்காம் முறையில் தேறினாள். கணக்கில் நல்ல மார்க்கே வந்தது. ஒவ்வொன்றும் தேறியதும் எனக்குச் சொல்லுவாள், நான் வேலாத்தாளுக்கு எதுவும் சொல்ல மாட்டேன். முன்பே பாஸ் என்று சொல்லியாகிவிட்டதே. வேலாத்தாள் மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். “போகாத வேலாத்தா. கூடப் படிக்கற புள்ளைங்க முன்னாடி அவளுக்குக் கூச்சமா இருக்குதாமா” என்றேன். மடித்து வைத்திருந்த நல்ல சேலையை மறுபடி பெட்டியில் வைத்துவிட்டாள்.

நான்கு வருடம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. வேலாத்தாள் அப்போது என் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். போனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கதவுதான், அதுவும் திறந்திருந்தது.

“பாயம்மா, எல்லா அரியரும் முடிச்சுட்டேனுங்க. பர்ஸ்ட் கிளாஸ். புனேவுல வேல கெடச்சிருச்சு. இப்ப வரலாமுங்களா? அம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க.”

போனை வேலாத்தாள் கையில் கொடுத்திருக்கலாம். நாலு அடி. நான்கு வருடத்தில் எவ்வளவோ பேசிவிட்டேன், அத்தனையும் அந்த நாலு அடியில் வந்து நின்றது.

குரலைத் தணித்துக்கொண்டேன். “அம்மா இங்கதான் இருக்கா கண்ணு. கூப்பிட்டேன். வர மாட்டேங்கறா. கையை ஆட்டறா.”

அவள் அழவில்லை. “இங்கயே இருக்காங்களா” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்னதில் உண்மை. போன் வைக்கிற சத்தம் கேட்டது.

“யாருங்க?” என்றாள் வேலாத்தாள்.

“ராங் நம்பர்.”

“கொஞ்சம் சக்கர போடுங்க, டீ கசக்குது” என்றாள். போட்டேன். கை நடுங்கியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் இன்றைக்கும் கூசுகிறது.

பெரியாத்தாள் அந்தச் சண்டை நடந்த வருடமே வீட்டைக் காலி செய்துகொண்டு சோமனூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். சாரதாமணி தொண்ணூற்று நான்கில் புனேயிலேயே கூட வேலை செய்கிற ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். நூல் ஏஜெண்டு சீனிச்சாமி வடக்கே போய்வந்தபோது அவளைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். தாயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். “கல்யாணத்துக்குக் கூட என்னக் கூப்பிடலீங்களே, நா என்னங்க பண்ணுனேன்” என்று வேலாத்தாள் என்னைக் கேட்டாள். படித்த பிள்ளைகள் அப்படித்தான் என்றேன்.

வேலாத்தாளுக்குக் கண் மங்கிவிட்டது. ஓட்டை தெரியவில்லை என்று கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். கணியூரில் தம்பி மாரப்பன் தோட்டத்துக்குப் போகிற அன்றைக்கு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எம்புள்ளைக்கும் எனக்கும் நடுவுல இத்தன வருசம் நீங்க ஒருத்தருதானுங்க இருந்தீங்க” என்று அழுதாள்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் ஏற்றிவிட்டேன். அவள் கணியூர் போய் இரண்டு வருடமாகிறது. புனே நம்பர் சீனிச்சாமியிடம் இருக்கிறது; கேட்டால் கொடுப்பார். கேட்கவில்லை. அந்தப் பெண் மட்டும் அன்றைக்கே அழுதுகொண்டு ஊருக்கு வந்திருந்தால் என்ஜினியர் ஆகியிருக்க முடியுமா என்பதை நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.