அவன் குதிச்ச பாறை

– அதானே பார்த்தேன். பலகையைக் கூடப் பார்க்காம இடது பக்கம் திரும்புறே. அவன் கூட வந்த வழிதானே இது?

– வலது பக்கம் போனா வண்டி நிறுத்துற இடம். மரத்துக்கு மரம் மஞ்சள் பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்க. கண்ணு தெரியுற யாருக்கும் வழி தெரியும்.

– கண்ணு தெரியுறவங்க மரத்தைப் பார்த்து நடப்பாங்க. நீ தரையைப் பார்த்துக்கிட்டு நடக்குறே. காலு அதுபாட்டுக்குப் போகுது. எத்தனை தடவை வந்திருப்பே?

– எண்ணி வைக்கலை. மழைக்காலம் தவிர மாசம் ஒரு தடவை இருக்கும். அஞ்சு வருஷம்.

– அஞ்சு வருஷம். என் கூட மொத்தமே ஒண்ணே முக்கால் வருஷம்.

– ஆரம்பிச்சிட்டீங்களா? பாத்து, அந்த வேர் மேல காலை வைக்காதீங்க. பாசி.

– அவன் இதுல வழுக்கி விழுந்திருக்கானா?

– இல்லை.

– விழ மாட்டான். மகராசன் தாவித் தாவிப் போயிருப்பான். நான்தான் கம்பு ஊனிக்கிட்டு, எளிய பாதை, ஒன்றரை கிலோமீட்டர், குழந்தைகளும் முதியவர்களும் நடக்கலாம்னு எழுதிப்போட்ட வழியில முக்கிக்கிட்டு வரேன்.

– டாக்டர் உங்க காலுக்குச் சொன்னது அது. நீங்க மானத்துக்கு எடுத்துக்கிறீங்க.

– டாக்டர் நடக்கத்தானே சொன்னாரு? போன மாசம் ஒரு அருவி, அதுக்கு முன்னாடி ரெண்டு. மூணும் நீ அவன் கூடப் போனது. இன்னைக்கு நாலாவது. ஊருல அவன் கால் படாத அருவியே இல்லையா?

– இங்க பெஞ்சு இருக்கு. உட்காருங்க, மூச்சு வாங்குது.

– எனக்கு வாங்கலை, உனக்குத்தான் வாங்குது. பையைக் கொடு.

– வேணாம், கம்பு வேற வச்சிருக்கீங்க.

– கம்புக்கு ஒரு கை போதும். கொடுன்னா. என்னத்தைப் போட்டு வச்சிருக்கே, கல்லா? அவன் கூட வரப்பவும் நீதான் சுமப்பியா?

– அவருக்கு ரெண்டு கையும் வீசி நடந்தாத்தான் வேகம் வரும்.

– சொல்றதைப் பாரு. வேகமாம்.

– நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன்.

– நான் கேட்டா நீ பொய் சொல்லணும். அதுகூடத் தெரியாதா?

– சரிங்க சாமி, அடுத்த தடவை சொல்றேன். வாங்க, தண்ணிச் சத்தம் கேக்குது. முதல் குளம் வந்தாச்சு.

– இவ்வளவுதானா? முழங்கால் கூட நனையாது போலருக்கே.

– குழந்தைங்க விளையாடுற இடம். அவர் இங்க நிக்கவே மாட்டார். வாத்து நீந்துற இடம்னு சிரிச்சுக்கிட்டே போயிருவார்.

– அப்ப நான் நிப்பேன். இந்தக் கல்லு மேல உட்கார்ந்து காலை நனைச்சுக்கிறேன். நீயும் செருப்பைக் கழட்டு.

– நானா?

– என்ன நானா? அஞ்சு வருஷமா வந்தவளுக்குத் தண்ணி புதுசா?

– புதுசுதான். இறங்கினதில்லை.

– இந்தக் குளத்துலயா?

– எந்தக் குளத்துலயும். கரையில யாராவது வாட்சையும் துண்டையும் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமில்ல.

– நீச்சல் கத்துக்கொடுக்கலையா உன் வீரன்?

– ஒரு தடவை கேட்டேன். மூச்சை அடக்கத் தெரியாதவளுக்கு எதுக்குன்னார். அப்புறம் கேக்கலை.

– எனக்கும்தான் மூச்சை அடக்கத் தெரியலை. வா, ரெண்டு வாத்துமா உட்காருவோம். என்ன, குளிருதா?

– கொஞ்சம். நல்லா இருக்கு.

– விரலுக்கு நடுவுல மீன் கடிக்குது பார். சிரிக்காதே, அசைஞ்சா ஓடிரும்.

– ஓடிருச்சு.

– நீ இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. அவன் கூட இருக்கறப்ப இப்படித்தான் சிரிப்பியா?

– நல்லாத்தானே இருந்தோம் இவ்வளவு நேரம்? எழுந்திரிங்க, போகலாம்.

– கோபம் வந்துருச்சா? வரட்டும். எனக்கு மட்டும் வராதா? காலையில கண்ணைத் திறந்தா அவன் மூஞ்சி. கூடத்துல நட்டநடுவுல மாட்டி வச்சிருக்கு, பாறையில இருந்து பறக்குற மாதிரி. கீழ அவன் ஜெயிச்ச கோப்பைங்க வரிசையா. எந்தப் புருஷன் பொறுத்துப்பான், சொல்லு?

– அதை மாட்டினது உங்க அம்மா.

– அதான் இன்னும் எரியுது. பெத்தவளுக்கே அவன்தான் உசத்தி. என்னைப் பார்த்தா பெருமூச்சு விடறா. நேத்து தோசை சாப்பிடறப்ப சொல்றா, அவன் எட்டு சாப்பிடுவானாம். நான் மூணோட எழுந்துட்டேனாம்.

– அவங்க மனசுல எதையும் வச்சுக்கிட்டுச் சொல்லலை.

– வச்சுக்கிட்டுத்தான் சொன்னா. அலமாரியைத் திறந்தா அவன் சட்டைங்க. அதையும் நான்தான் போட்டுக்கிட்டுத் திரியறேன். தோள்ல தொளதொளன்னு தொங்குது.

– புதுசு எடுப்போம்னு சொன்னேனே, நீங்கதான் வேணாம்னீங்க.

– நீ எடுக்கணும்னு இருந்தா கேக்காமலே எடுத்திருப்பே.

– இந்தப் பாலம் ஆடும். கைப்பிடிக் கயிறைப் பிடிச்சுக்கங்க.

– உன் கையைப் பிடிச்சுக்கறேன். ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. இப்ப அந்த மரத்துக்குப் பின்னாடி இருந்து அவன் வந்து நிக்கறான்னு வச்சுக்க. ஈரத் தலையோட, சிரிச்சுக்கிட்டு. நீ யார் கூட வீட்டுக்குப் போவே?

– இது என்ன கேள்வி?

– ராத்திரி பகலா எனக்கு இருக்கற ஒரே கேள்வி. வெட்கத்தை விட்டுக் கேக்கறேன். அவன் வந்தா எனக்கு இடம் உண்டா இல்லையா?

– மேல போய்ச் சொல்றேன்.

– இங்கயே சொல்லேன்.

– மேல, பெரிய அருவிகிட்ட. தயவுசெஞ்சு நடங்க.

– என் கையை ஏன் இன்னும் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கே?

– பாலம் ஆடுதுன்னு சொன்னேனில்ல.

– பாலம் தாண்டி பத்தடி வந்துட்டோம். அதோ, பெரிய அருவிகிட்ட இருந்து கழுத்துல விசிலோட யாரோ நம்மளைப் பார்த்து ஓடி வராரு.

– சார்! அடடே, சாரேதான். வாங்க மேடம். என்ன சார், ரெண்டு வருஷமா ஆளையே காணோம்? கம்பெல்லாம் வச்சிருக்கீங்க?

– வணக்கம். நீங்க…

– என்னைத் தெரியலையா? இந்தக் குளத்துக் காவலுக்கு நான்தானே சார். அதோ அந்தப் பாறை மேல ஏறி நிப்பீங்க, நான் இறங்குங்கன்னு விசிலை ஊதோ ஊதுன்னு ஊதுவேன், நீங்க சிரிச்சுக்கிட்டே தலைகீழா குதிப்பீங்க. மேடம் இங்கதான் வாட்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. உங்களுக்கு அப்புறம் அங்க இருந்து ஒருத்தனும் குதிக்கலை சார்.

– அவருக்கு விபத்து ஆயிருச்சுங்க. தலையில அடி. பழசு எதுவுமே ஞாபகம் இல்லை. உங்களைத் தெரியாது. கல்யாணம் ஆனதே தெரியாது.

– அய்யோ. தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க. எல்லாம் வந்துரும் சார். இந்தத் தண்ணியில ஒரு முழுக்குப் போடுங்க, பழைய ஆளா எழுந்திரிப்பீங்க. அங்க எவனோ கயிறைத் தாண்டுறான், ஒரு நிமிஷம் வந்துர்றேன்.

– கேட்டியா? இந்த ஆளுக்கும் அவன்தான் வேணும்.

– விடுங்க.

– என் மூஞ்சியைப் பார்த்து, அது நீதான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு எவனோ ஒருத்தன் கதையாத்தான் கேக்குது. என் மூஞ்சியை மாட்டிக்கிட்டு என் பொண்டாட்டி கூட அஞ்சு வருஷம் வாழ்ந்துட்டுப் போயிட்டான். சண்டை போடலாம்னா ஆளும் இல்லை.

– கொஞ்சம் உட்காருங்க.

– அவனைத் திரும்பக் கூட்டிட்டு வரத்தானே இந்த அருவி சுத்தறதெல்லாம்?

– பழகின இடமாக் காட்டுங்கன்னு டாக்டர் சொன்னார். எந்தெந்த இடம்னு உங்க அம்மா எழுதிக் கொடுத்தாங்க. அந்தப் பாறையை நல்லாப் பாருங்க. ஏதாவது வருதா?

– பாறை. பக்கத்துல தண்ணி விழுது. அவ்வளவுதான்.

– அந்தச் சத்தம்? இந்த ஈர வாசம்?

– வரலைம்மா. நீ இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தும் வரலை. என்னை மன்னிச்சுரு.

– நிஜமாவே ஒண்ணும் இல்லையா?

– ஒண்ணும் இல்லை. அழாதே. எனக்குத் தெரியும், உனக்கு ஏமாற்றமாத்தான் இருக்கும். நான் என்ன பண்ணட்டும் சொல்லு?

– ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சு என்கிட்ட முதல்ல என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

– இருக்கு. அதுல இருந்து எல்லாமே ஞாபகம் இருக்கு. நீங்க யாருன்னு தெரியலை, ரொம்ப நேரமா நிக்கிறீங்க, உட்காருங்கன்னு சொன்னேன்.

– அஞ்சு வருஷத்துல ஒரு தடவை கூட என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

– அப்ப நான் பாலத்துல கேட்டதுக்கு?

– உங்க அம்மா எழுதினதுல இதுதான் கடைசி இடம். வண்டியை விட்டு இறங்கினதுல இருந்து ஒவ்வொரு அடிக்கும், இங்கயும் எதுவும் ஞாபகம் வந்துரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே வந்தேன்.