ஏரிக்கரையில் லத்வானிஸ் விதைத்தது தொடர்பாக

என் பெயர் ஆர்விட்ஸ் ஸ்ப்ரோஜிஸ், வயது 74. லாட்வியா, மதோனா வட்டாரம், கல்னியேஷி பண்ணை வீட்டில் குடியிருக்கிறேன். மனைவி இறந்துவிட்டார். மகன் அயர்லாந்தில் இருக்கிறான். நாயும் போன குளிர்காலத்தில் செத்துவிட்டது.

லத்வானிஸ் ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்து வெள்ளையாகப் பூக்கும் அந்நியச் செடி, சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். அதை வளரவிடுவது குற்றம் என்று எனக்குத் தெரியும்.

நான்கு வருடங்களுக்கு முன்பு முழங்கால் வலியால் பின்வயலில் அதை வெட்டாமல் விட்டேன். அந்த ஜூலையில் செடிகளை வரைபடமாக்கும் அலுவலகத்திலிருந்து சனிதா என்ற பெண் வந்தார். செயற்கைக்கோள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் ஆள் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விதியாம்.

"என்னய்யா, உங்க வயலு வானத்துலேர்ந்தே பளிச்சுன்னு தெரியுதே!" என்றார்.

"அயர்லாந்துலேர்ந்து மட்டும் தெரிய மாட்டேங்குது பாரும்மா" என்றேன்.

சிரித்தார். அதன் பிறகு டீயும் சீரகம் போட்ட பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுவிட்டு, செடியை வெட்டச் சொல்லிவிட்டுப் போனார். என் மேஜையில் இன்னொரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டு வெகுநாளாகியிருந்தது.

அடுத்த வருடம் ஒரு செடி விடாமல் வெட்டினேன். அதனால் யாரும் வரவில்லை. வாங்கி வைத்த பாலாடைக்கட்டி பூஞ்சை பிடித்தது. அதன் பிறகு அந்த இலையுதிர்காலத்தில், சாலையோரப் பள்ளத்தில் காய்ந்து நின்ற செடிகளின் விதையை உதிர்த்து, என் வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரை அரசு நிலத்தில் தூவினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. நான் குடித்திருக்கவும் இல்லை. அது வளர்ந்து, பூத்து, படத்தில் தெரியும்வரை காத்திருந்தேன்.

இந்த ஜூலையில் ஏரிக்கரைச் செடிகளைப் பற்றி விசாரிக்க சனிதா மறுபடி என் வீட்டுக்கு வந்தார். முன்கையெல்லாம் கொப்புளம். முந்தின நாள் ஏரிக்கரையில் அளந்தபோது சாறு பட்டதாம். வெயில் படாமலிருக்க என் மனைவியின் தலைத்துணியைக் கட்டிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அப்போது அவர், "இனிமே நாங்க வரவே தேவையில்லய்யா. படம் அவ்வளவு தெளிவா வருது. ரீகா ஆபீசுல உக்காந்தே பாத்துக்கலாம்" என்றார். அதன் பிறகு, விதைத்தவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"என் கைய இப்படி வேக வெக்கவா?"

"நீ வரணும்னுதாம்மா."

டீயைத் தொடவில்லை. தலைத்துணியை அவிழ்த்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் நீதிமன்றத்துக்கு வர வேண்டியதில்லை, அபராத உத்தரவு தபாலில் வரும் என்று விசாரிக்கும் அதிகாரி சொன்னார். சனிதாவை அழைப்பார்களா என்று கேட்டேன். நான் மறுத்தால் மட்டுமே அவர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

இவை யாவும் நானே சொன்னவை, படித்துக் காட்டக் கேட்டேன், அத்தனையும் உண்மை. குற்றத்தை மறுக்கிறேன்.

(ஒப்பம்)
ஆ. ஸ்ப்ரோஜிஸ்