கருந்துளைக் காட்சியில் அழுகிறவர்

— தம்பி, இன்னைக்கும் அந்த ஆளு அழுதான். நான் கருந்துளையைப் பத்திப் பேச ஆரம்பிக்கறேன், நீ ப்ரொஜெக்டரை அணைக்கறே, உடனே கடைசி வரிசையில ஆரம்பிச்சிடறான். நான் மைக்ல பேசறதா, இல்ல எழுந்து போய் அவனுக்குக் கைக்குட்டை கொடுக்கறதா?

— விடுங்கக்கா. யாரையும் தொந்தரவு பண்ணலையே.

— என்னைத் தொந்தரவு பண்றான். பாரு, அடுத்த ஷோவுக்கு முழு இருட்டு வேணாம். ஓரமா ரெண்டு நட்சத்திரத்தை விட்டு வை. ஆள் யாருன்னு பார்த்து வெளியே அனுப்பிடறேன்.

— அதில்லக்கா... இருட்டில்லாம என்ன கருந்துளை? நம்ம கோளரங்கத்துக்கு ஜனங்க வர்றதே அந்த ரெண்டு நிமிஷத்துக்குத்தான். எனக்கும் அதுதான் பிடிச்ச இடம். வெளிச்சம்கூடத் திரும்பி வர முடியாதுன்னு சொல்லிட்டு, குரலை இறக்கி ஒண்ணு சொல்வீங்களே.

— உள்ளே இன்னொரு பிரபஞ்சம் பிறக்குதுன்னு.

— அதான். இன்னைக்கு ஒரு பொண்ணு கேட்டாளேக்கா, அப்ப நம்ம பிரபஞ்சமும் ஏதோ ஒரு கருந்துளைக்குள்ளதான் பிறந்துச்சான்னு. அப்படின்னா நம்மளையும் வெளியே யாராவது தேடிட்டு இருப்பாங்களோ?

— தேடினா? அவங்களால என்ன பண்ண முடியும்? உள்ளே எவ்வளவு பெரிய வெடிப்பு நடந்தாலும் வெளியே நிக்கறவங்களுக்கு ஒரு சத்தம் வராது. எட்டிப் பார்க்க முடியாது, கூப்பிட முடியாது. கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அதுவும் வெறும் யூகம் தம்பி. கணக்குல வருது, அவ்வளவுதான். போய்ப் பார்த்துட்டு வந்தவன் யாரு?

— பின்ன ஏன்க்கா அடிச்சுச் சொல்றீங்க? முன்னெல்லாம் சிலர் அப்படி நினைக்கறாங்கன்னுதான் சொல்வீங்க.

— மேனேஜரும் அதைத்தான் கேட்டார். எங்க பாப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப டாக்டருங்க அந்த வாரம் முழுக்க 'பிழைக்கலாம், பார்க்கலாம்'னுதான் சொன்னாங்க. அவ போனப்புறம் அந்த மாதிரிப் பேச்சே எனக்கு ஆகல. எங்கேயாவது ஒண்ணு நிச்சயமா பிறக்கட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?

— இதையெல்லாம் வீட்ல சார்கிட்ட சொல்லியிருக்கீங்களாக்கா?

— அவர்கிட்டயா? நல்லா கேட்டே போ. பெத்த பொண்ணைப் பறிகொடுத்துட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் அவர். மறுநாளே அவ செருப்பு, ஸ்கூல் பை எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டு, ஸ்டூல் மேல ஏறி டியூப்லைட் மாத்திக்கிட்டு நின்னார். கேட்டா, "ஆக வேண்டியதைப் பார்க்கணும்ல"ங்கறார். கல்லோட எத்தனை நாள் குடித்தனம் பண்றது? சாயங்காலம் எங்க அண்ணன் கார் எடுத்துட்டு வர்றான். துணிமணி எல்லாம் கட்டியாச்சு.

— அக்கா! அவருக்குத் தெரியுமா?

— தெரிஞ்சா மட்டும்? "சரி, பார்த்துப் போ"ம்பார். கூடச் சேர்ந்து அழ வேணாம் தம்பி, நான் அழறப்ப பக்கத்துல உட்காரலாம்ல? எழுந்து போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டுப் பாத்திரம் கழுவறார்.

— வந்து... அவசரப்படாதீங்கக்கா.

— நீ என்ன அவருக்கு வக்காலத்தா?

— அதில்லக்கா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. யார்கிட்டயும் சொல்லாதேன்னு ஒருத்தர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினா நான் என்னக்கா பண்ணுவேன்?

— யாரு கெஞ்சினது?

— அந்தக் கடைசி வரிசை ஆளுதான். இருட்டானதும் பின்கதவைத் திறந்து விடறது நான்தான். வெளிச்சம் வர்றதுக்குள்ள போயிடுவார். "உள்ளே இன்னொண்ணு பிறக்குதுன்னு அவ சொல்றது நிஜமா தம்பி?"ன்னு ஒரு நாள் கேட்டார். மெஷின் ஓட்டறவன், எனக்கென்ன தெரியும்? "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்"னேன். அப்படியே சுவத்துல சாஞ்சிட்டார்.

— டிக்கெட் இல்லாம உள்ளே விட்டியா? யாருடா அது?

— திட்டுங்க, வாங்கிக்கறேன். சார்தான்க்கா.

— எந்த சார்? என் வீட்டுக்காரரா? போடா. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருக்கேன், அவர் குரல் எனக்குத் தெரியாதா?

— பேசற குரல் தெரியும்க்கா. அவர் அழுது நீங்க எப்ப கேட்டிருக்கீங்க?