மோட்டார் மாமாவுக்கு எத்தனை தங்கைகள்?

தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டதால் இடையில் எழுந்து போகவும் முடியாமல் தவிக்கும் பெரியோர்களே! கடவுச்சொல்லை மறந்து மறந்து, எங்களை மட்டும் மறக்காமல் அழைத்துக்கொண்டே இருக்கும் தாய்மார்களே! கைப்பேசியைக் குனிந்து பார்த்தபடியே என் பேச்சையும் கேட்பதாகப் பாவனை செய்யும் இளைய தலைமுறையே! அண்ணன்மார்களே, அக்காமார்களே, மாமா...

மன்னிக்க வேண்டும். இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். "மேடையில் எந்த உறவுச் சொல்லையும் உறுதி செய்யாமல் சொல்லாதீர்கள்" என்று எங்கள் சட்டப் பிரிவு அம்மையார் காலையிலேயே கண்டித்து அனுப்பியிருக்கிறார். இதோ, சிரிக்கிறார் பாருங்கள். அவர் சிரித்தால் எனக்கு நடுங்கும்.

இணையத்தில் குடும்ப வரலாறு தொகுத்துத் தரும் நிறுவனம் எங்களுடையது. உங்கள் அப்பா யார், அவருக்கு அப்பா யார் என்று நீங்கள் தட்டச்சு செய்தால், நாங்கள் அதைக் கொடிவழியாகக் கோத்துத் தருவோம். இதில் அடியேனுக்கு என்ன வேலை? உறவுச்சொல் ஆலோசகர். முகவரி அட்டையில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அலுவலகத்தில் எனக்கு வழங்கும் பெயர் வேறு. அடுக்குமொழி. "அடுக்குமொழி வருகிறார், கதவைச் சாத்து" என்று மென்பொருள் பொறியாளர்கள் சொல்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது. சாத்தட்டும்! கன்னித் தமிழைக் கதவு தடுக்குமா? கணினிதான் தடுக்குமா?

கைதட்டாதீர்கள். கேட்டால் நீங்களே வருத்தப்படுவீர்கள்.

இவ்வாண்டு எங்கள் நிறுவனம் ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. முகம் பார்த்து முறை சொல்லும் மென்பொருள். ஒரே முகம் இரண்டு குடும்பங்களின் படங்களில் இருந்தால் அது கண்டுபிடித்துவிடும். படத்துக்குக் கீழே நீங்கள் எழுதிய உறவை வைத்து இரு குடும்பங்களையும் இணைத்துவிடும். அற்புதம் அல்லவா? ஆனந்தம் அல்லவா? அந்த மென்பொருளுக்கு உறவுகளின் பொருளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். அங்கேதான் பிடித்தது சனி.

பொறியாளர் பெண் ஒருத்தி கேட்டாள், மாமா என்றால் யார் என்று. நான் சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம். சொல்வேனா? எழுந்து நின்றேன். கண்ணாடியைக் கழற்றினேன். "தாயின் உடன்பிறந்தான், தங்கை தலைநிமிரத் துணைநிற்பான், அவனே மாமன்" என்று முழங்கினேன். வேறு யாரையாவது அப்படிக் கூப்பிடுவார்களா என்று அவள் பொறுமையாகக் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இன்று உங்கள் முன் இப்படிக் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை. "அம்மா, தமிழில் மாமா என்றால் மாமாதான்" என்றேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

இப்போது உங்களுக்கு மோட்டார் மாமாவை அறிமுகப்படுத்த வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்த தெருவில் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர் அவர். குழாயில் தண்ணீர் வரவில்லையா, மாமா. மோட்டார் உறுமிவிட்டுச் செத்துப்போகிறதா, மாமா. வீட்டு விசேஷத்தில் விளக்கு அணைந்துவிட்டதா, கூப்பிடு மாமாவை! அந்தத் தெருவில் எந்த வீட்டுப் படத்தை எடுத்தாலும் அவர் இருப்பார். பிறந்தநாள் படத்தில் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கல்யாணப் படத்தில் கையில் ஸ்பேனரோடு பாதி முகம் தெரிவார். எல்லோரும் அந்தப் படங்களை எங்கள் தளத்தில் ஏற்றினார்கள். எல்லோரும் அவர் முகத்துக்குக் கீழே பாசத்தோடு எழுதினார்கள், மாமா என்று.

ஆனால் அவர் யாருக்கும் மாமா இல்லை. அவர் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். பெற்றவர்கள் யார் என்று அவருக்கே தெரியாது. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

மென்பொருளுக்கு இது தெரியுமா? அது படித்ததெல்லாம் என் பாடம். அந்த முகத்தைப் பார்த்தது. மாமா என்ற சொல்லைப் பார்த்தது. தெருவில் இருந்த நாற்பது சொச்சம் வீட்டு அம்மாக்களையும் அவருக்குத் தங்கைகள் ஆக்கியது. அம்மாக்கள் அத்தனை பேரும் அக்கா தங்கை என்றால் அவர்கள் பெற்ற பிள்ளைகள் என்ன முறை? சொல்லுங்கள்!

ஆம் ஐயா, சரியாகச் சொன்னீர்கள். அண்ணன் தங்கை. அந்தத் தெருவுக்குள்ளேயே காதலித்தவர்கள், கட்டிக்கொண்டவர்கள், பெற்று வளர்த்தவர்கள், எல்லோரும் ஒரே காலையில் உடன்பிறப்புகள் ஆனார்கள். "மகிழ்ச்சி பொங்கும் செய்தி! உங்கள் கணவர் உங்களுக்கு அண்ணன் முறை!" என்று ஒவ்வொரு கைப்பேசியிலும் செய்தி போய் விழுந்தது. அந்த வாசகத்தை எழுதியது யார் என்று கேட்காதீர்கள். பொங்கும் என்ற சொல்லைப் பார்த்தாலே தெரியவில்லையா?

என் மனைவியும் அதே தெருக்காரிதான். நான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்கண்ணா. அண்ணி வரலையா?"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஒரு வாரம் அந்த வீட்டில் எனக்கு விருந்தாளி மரியாதை. கூடத்து நாற்காலியைத் தாண்டி உள்ளே விடவில்லை.

எங்கள் வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. அதே தெருவில் மருந்துக்கடைக்காரரின் மகளுக்கும் பள்ளிக்கூட டீச்சரின் மகனுக்கும் அடுத்த வாரம் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகள் ஆசைப்பட்டுச் செய்துகொள்ளும் கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. எதைச் சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் கையில் நாங்களே கொண்டுபோய்க் காரணத்தைக் கொடுத்தோம். கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். அண்ணனுக்கும் தங்கைக்குமா கல்யாணம் என்று கேட்டார். அது தப்புச் செய்தி என்று எல்லோரும் எடுத்துச் சொன்னார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கம்பெனி சொன்னதைக் கம்பெனியே இல்லை என்று சொல்லட்டும், அதுவரை கல்யாணம் நிற்கட்டும். டீச்சர் அம்மா கலங்கிவிட்டார். மருந்துக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு எங்கள் அலுவலகத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

இல்லை என்று சொல்வதில் எங்களுக்கு என்ன தயக்கம்? தயக்கம் இல்லை. விதி இருக்கிறது. ஒரு காலத்தில் சொத்துச் சண்டையில் அண்ணன் தம்பிகள் எங்கள் தளத்தில் ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் உறவை அறுக்க வேண்டுமானால் யாரை வைத்து உறவு சேர்ந்ததோ அவரே கைப்பட அழுத்த வேண்டும் என்று விதி செய்துவைத்தோம். ஆக, அந்த இரண்டு அம்மாக்களும் தன் தங்கைகள் இல்லை என்று மோட்டார் மாமாதான் அழுத்த வேண்டும். போய் அழுத்த வைத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

இதோ, தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். சுருக்கமாக முடிக்க வேண்டுமாம். ஐயா, சுருக்கமாகப் பேசத் தெரிந்திருந்தால் இந்த விபத்தே நடந்திருக்காதே!

பட்டறைக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நான் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவரே கைப்பேசியை எடுத்துக் காட்டினார். எங்கள் மென்பொருள் அவருக்கும் தானாகவே ஒரு பக்கம் திறந்து, நாற்பது சொச்சம் தங்கைகள் கிடைத்த செய்தியை அனுப்பியிருந்தது. தப்புச் செய்தி என்று பார்த்ததுமே தெரியும் என்றார். தெரிந்தும் அழிக்க மனசு வரவில்லை என்றார். யாராவது கேட்டால் சும்மா காட்டலாமே என்று வைத்திருந்தாராம்.

என்னத்தைச் சொல்ல? கல்யாணம் நின்றுபோன கதையைச் சொன்னேன். அவர் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டு எதை அழுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டார். "இவர் என் உறவு இல்லை" என்று இருந்த இடத்தைக் காட்டினேன். அழுத்தினார். உடனே திரையில் அடுத்த கேள்வி வந்தது. "இவர் உங்கள் உறவு இல்லை என்பதை உறுதி செய்கிறீர்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு தடவை சொல்லணுமா, சார்?"

நண்பர்களே, அடுக்கடுக்காய் அள்ளி வீசும் இந்த வாய் அன்றைக்கு ஒரே ஒரு சொல்தான் சொன்னது, ஆமாம் என்று. மருந்துக்கடை அம்மாவுக்கு இரண்டு தடவை, டீச்சர் அம்மாவுக்கு இரண்டு தடவை அழுத்தினார். அழுத்திவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்துவைத்தார். எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வந்தது.

அத்தோடு விட்டோமா? நாங்களா விடுவோம்? அவர் அழுத்திய அடுத்த நொடியே அந்த இரண்டு வீடுகளுக்கும் செய்தி போய்விட்டது. "மோட்டார் மாமா தங்களைத் தம் உறவு இல்லை என அறிவித்துள்ளார்." கொஞ்ச நேரத்தில் மணப்பெண் பட்டறை வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்குகிறது. கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. ஏன் உறவு இல்லை என்று சொன்னீர்கள் என்று மாமாவைக் கேட்டாள், அவர் கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். நான் நடுவில் புகுந்து விளக்கினேன். தாயின் உடன்பிறந்தான் என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் என்னைப் பேசவிடவில்லை.

"அவர் எங்கம்மாவுக்கு அண்ணன் இல்ல. எனக்கு மாமா. இதுல உங்களுக்கு என்ன குழப்பம்?"

கேட்டீர்களா? நான் படித்த படிப்பும் பேசிய பேச்சும் அந்த ஒரு வரிக்கு முன்னால் தவிடுபொடி! மாமா என்பது அம்மாவிடமிருந்து வருகிறது என்று நான் நினைத்தேன். கூப்பிடுகிற வாயிலிருந்து வருகிறது என்று அவள் சொன்னாள். அதோடு நிற்கவில்லை. அவரைத் திரும்ப இருந்த இடத்தில் வைக்காமல் மணமேடை ஏறமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். பெரியப்பா நிறுத்திய கல்யாணத்தை மீட்கப் போனவன், பெண்ணே நிறுத்தும்படி செய்துவிட்டுத் திரும்பினேன். என் திறமையைப் பார்த்தீர்களா?

அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. ரத்த உறவா, திருமண உறவா, இரண்டில் எதில் சேர்ப்பது என்று பொறியாளர்கள் கேட்டார்கள். இரண்டிலும் இல்லை, மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்றேன். "அகங்கனிந்தழைக்கும் அன்பூற்றுறவு" என்று அதற்குப் பெயரும் சூட்டினேன். அந்தப் பொறியாளர் பெண் கண்ணை மூடித் திறந்தாள். "கூப்பிடும் உறவு" என்று எழுதிக்கொண்டாள். அதுதான் இன்று இந்த மேடையில் வெளியிடப்படும் புதுப்பிப்பு. இதில் நாங்கள் யாரையும் யாரோடும் ஒட்டவைக்க மாட்டோம். ஒருவர் கூப்பிட வேண்டும், மற்றவர் சரி என்று சொல்ல வேண்டும். இந்தக் கோடு அந்த இருவரோடு முடிந்துவிடும். அதனால் இனி எந்தக் கணவனும் அண்ணன் ஆகமாட்டான். என் மனைவிக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கல்யாணத்துக்கு முந்தைய நாளே சோதனைக்காக அந்தத் தெருவுக்கு மட்டும் அதை விட்டிருந்தோம்; மோட்டார் மாமாவின் கைப்பேசியில் நானே திறந்துகொடுத்தேன். பெரியப்பாவுக்கு உறவு இல்லை என்ற செய்தி கிடைத்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டார். மணப்பெண் சொன்ன சொல் மட்டும் பாக்கி. அவள் பெயர் திரையில் வந்தது. மாமா என்று கூப்பிடுகிறாள், சரியா? சரி என்றார். மாப்பிள்ளை கூப்பிட்டான். சரி என்றார். தெருவே கூப்பிட்டது. என் மனைவி எனக்கு முன்னால் கூப்பிட்டுவிட்டாள். அவர் சளைக்காமல் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தேன். அவர் எழவில்லை.

"இதுல நானும் கூப்பிடலாமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெருவின் பெரியவர்கள் என்ன செய்துவைத்திருந்தார்கள்? மாமாவுக்குத் தண்ணீர் கொடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தாங்கள் மட்டும் மோட்டார்காரரே என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகளின் வாயால் உறவைக் கொடுத்தார்கள், தங்கள் வாயைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். மருந்துக்கடை அம்மாவை அவர் இத்தனை காலமும் மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். உறவு என்பது ஒருவழிப் பாதையா? வாசல்வரை மட்டும் வரலாம் என்று சொல்வதற்குப் பெயர் உறவா? எந்த நிறுவனம் எந்த நாளில் இதைக் கணக்கில் எடுத்தது?

கூப்பிடலாம் என்றேன். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். மருந்துக்கடை அம்மாவுக்கு, தங்கச்சி. டீச்சர் அம்மாவுக்கும், தங்கச்சி. ஐயோ, மறுபடியும் மணமக்கள் உடன்பிறப்பு ஆகிவிடுவார்களோ என்று பொறியாளர் பெண்ணுக்குப் போன் போட்டேன். ஆகமாட்டார்கள், போய் வேலையைப் பாருங்கள் என்றாள்.

அனுப்பிவிட்டு அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு அம்மாக்களும் என்ன சொல்வார்களோ என்று எனக்கும் பயம். சரி என்று அழுத்தினால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். அவர்கள் அழுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டறை வாசலில் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். டீச்சர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மருந்துக்கடை அம்மாதான் பேசினார்.

"நாளைக்கு நம்ம வீட்டுக் கல்யாணம். இன்னும் மோட்டாரைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, எழுந்து வாங்கண்ணா."

அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அவர்களோடு போனார். பட்டறையைப் பூட்டக்கூட மறந்துவிட்டார். நான்தான் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

தப்புத் தப்பாகச் சேர்த்துவைத்த எங்களைத் தாங்கிக்கொண்ட தாய்மார்களுக்கும், துண்டுச்சீட்டு அனுப்பித் தோற்றுப்போன தலைவருக்கும், கேட்டுச் சிரித்தவர்களுக்கும், சிரிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களுக்கும் இந்த அடுக்குமொழியின் நன்றி. வீட்டுக்குப் போனதும் நீங்கள் இன்னும் பெயர் சொல்லியோ தொழில் சொல்லியோ கூப்பிடும் அந்த ஒருவரை, ஒரே ஒரு தடவை முறை சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.