பதினோரு திருகுகளும் ஒரு சான்றுக் கடிதமும்

என் பெயர் வெர்னா ஸ்டூபிக், வயது 63, காலஞ்சென்ற ஆண்டன் ஸ்டூபிக்கின் மகள். ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில் முப்பத்து நான்கு வருடமாக மின்சார கிட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பழைய கிட்டாரில் இருப்பது தொழிற்சாலையில் அடித்த வண்ணமா, பிறகு யாராவது சுரண்டிவிட்டு மறுபடி அடித்ததா என்று பார்த்துச் சொல்வதும் என் வேலை. மறுவண்ணம் அடித்ததைச் சொல்லாமல் விற்பது, பாதி விலைப் பொருளை முழு விலைக்குத் தலையில் கட்டுவதாகும்.

டுவைட் கெர்பர் என்ற கிட்டார் வியாபாரியை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். அவரை எனக்கு ஆகாது. எனக்குக் கண் தெரியவில்லை என்று என் வாடிக்கையாளர்களிடமே சொல்லித் திரிந்தவர்.

சென்ற சனிக்கிழமை காலை சுமார் பத்தரை மணிக்கு, கண்காட்சி மைதானத்தில் நடந்த கிட்டார் சந்தையில், தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கும் மார்கஸ் ஒய்லர் என்பவர் என் மேசைக்கு வந்து, தன் டிரக்கை விற்ற பணத்தில் கெர்பரிடம் 1961ஆம் வருடத்துச் சிவப்பு கிட்டார் ஒன்றை வாங்கப்போவதாகவும், அதைப் பார்த்துச் சொல்லும்படியும் கேட்டார். அதன்பேரில் நான் புற ஊதா விளக்கையும் கறுப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு அவருடன் போனேன். கெர்பர் இறைச்சிக் குழம்பு வழியும் சில்லி டாக் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

துணிக்குள் வைத்து விளக்கு அடித்ததில், பழைய பூச்சு எப்படி மஞ்சளும் பச்சையுமாக ஒளிருமோ அப்படியே ஒளிர்ந்தது; மறுவண்ணமும் பல வருடம் பழசானால் அப்படி ஒளிரும். அதன்பிறகு விரலால் தடவிப் பார்த்ததில், கிட்டாரின் கழுத்து பொருந்தும் குழியின் விளிம்பு மழுங்கியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் அப்படி மழுங்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அதன்பிறகு நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "யோவ் கெர்பர், இது திரும்ப பெயின்ட் அடிச்சது. யார் தலையில கட்டப் பாக்குற?" என்றேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "பேசும்மா, நல்லாப் பேசு. நீ முடிச்சதும் நான் ஒண்ணு காட்டுறேன்" என்றார். நான் அவரைத் திருட்டுப் பயல் என்றேன். மூன்று முறை சொன்னேன். முப்பது பேராவது கூடியிருப்பார்கள்.

அதன்பிறகு அவருடைய அனுமதி இல்லாமல், முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டின் பதினோரு திருகுகளையும் கழற்றத் தொடங்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் முழங்கையால் இடித்ததில் நாற்காலியோடு சாய்ந்தார். அவர் சட்டையில் பட்ட கறைக்கு நானே பொறுப்பு.

அந்தக் காலத்தில் கிட்டாரின் உடலில் சிறு ஆணிகள் அடித்து, அந்த ஆணிகளின் மேல் நிறுத்தி வண்ணம் அடித்துக் காயவைப்பார்கள், காய்ந்த பிறகு ஆணிகளைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே தகட்டுக்கு அடியில் இருக்கும் அந்த ஆணித் துளைகளுக்குள் வெறும் மரம்தான் தெரிய வேண்டும். இதில் துளைகளுக்குள்ளும் சிவப்பு இருந்தது. ஒய்லர் உட்பட எல்லோரும் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

கெர்பரும் எழுந்து வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அதன்பிறகு பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என் கையில் வைத்து, "இதை நம்பித்தான்மா நான் வாங்கினேன். யார் கையெழுத்துன்னு பாரு" என்றார். அந்தக் கிட்டாரில் இருப்பது முழுக்கத் தொழிற்சாலை வண்ணமே என்று, முந்தைய உரிமையாளருக்குப் பதினைந்து வருடத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்து மறந்துபோன சான்று. திருகைத் தொடாத கிட்டார் என்றால் மதிப்பு கூடும். அதனால் திறக்காமல், விளக்கை மட்டும் அடித்துப் பார்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நானும் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கடிதத்தை நான் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குள் காவலர்கள் வந்து எங்களை வெளியேற்றினார்கள். அன்று உங்கள் போலீஸ் அதிகாரி கேட்டபோது, அப்படி எந்தக் கடிதமும் இல்லை என்று சொன்னேன். அது பொய்.

கெர்பர் தன்னை ஏமாற்றி விற்கப் பார்த்ததாக ஞாயிறன்று ஒய்லர் மோசடிப் புகார் கொடுத்ததாகவும், சந்தைக்காரர்கள் கெர்பருக்கு இனி இடம் கிடையாது என்று சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். பத்து வருடமாக நான் ஆசைப்பட்டது அதுதான். திங்கட்கிழமை கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன், யாருடைய கிட்டாரையும் கையில் எடுக்க முடியவில்லை. இன்று செவ்வாய்க்கிழமை, யாரும் அழைக்காமல் நானாகவே வந்து அந்தக் கடிதத்தை ஒப்படைக்கிறேன். அதே மாதிரி திறந்து பார்க்காமல் நான் சான்று கொடுத்த மற்ற நாற்பத்தொரு கிட்டார்களின் பட்டியலையும் இத்துடன் கொடுத்திருக்கிறேன். இது வெளியே தெரிந்தால் என் கடைக்கு எவரும் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கெர்பருக்கு அது மறுவண்ணம் என்று தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியாது. அவர் திருடர் அல்ல, என் கையெழுத்தை நம்பியவர். அவரை இப்போதும் எனக்கு ஆகாது, அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே எழுதியிருக்கிறது. சொன்னதெல்லாம் உண்மை, இந்த முறை சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை.

(ஒப்பம்) வெர்னா ஸ்டூபிக்