'ஏழாவது மாடி'யை எழுதியவர்

மேடையில் நாற்காலி கிடைத்த பெரியோர்களே, கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் ரசிகர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி, அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ராக் குழுவின் டிரம்மர், அண்ணியின் கணவர், நாம் எல்லோரும் 'இடி' என்று அழைத்தவர், மறைந்துவிட்டார். வாசித்தால் இடி. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. எனக்கு முன்னால் பேசிய மூவரும் எங்கள் முதல் இசைத்தட்டைப் புகழ்ந்தார்கள். அதிலுள்ள 'ஏழாவது மாடி' பாட்டை எழுதிப் பாடியவன் என்று என்னையும் புகழ்ந்தார்கள். நாற்பத்தோரு வருடமாக இதைக் கேட்கிறேன். களைத்துவிட்டேன், ஐயா!

'ஏழாவது மாடி' எப்படிப் பிறந்தது? ஒலிப்பதிவுக்கூடம் ஏழாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் பழுது. நான் மைக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினேன். பாடகன் அல்லவா! அவர் டிரம்ஸை ஐந்து நடையாகத் தூக்கி வந்தார். கடைசி நடையில் மூச்சிரைக்கக் கேட்டார்:

"டேய், பேப்பர் இருக்கா?"

யாரிடமும் இல்லை. சின்ன டிரம்மின் தோலிலேயே பென்சிலால் பாட்டை எழுதினார். நான் குனிந்து பார்த்துப் பாடினேன். அவர் அதன் மேலேயே அடித்தார். மூன்றாவது டேக் முடிவதற்குள் கையெழுத்து அழிந்துபோனது. சாட்சியும் போனது.

அன்று ஐந்து மணிக்கு இசைத்தட்டின் லேபிள் அச்சுக்குப் போக வேண்டும். படிவத்தில் 'பாடலாசிரியர்' என்று ஒரு கோடு. அப்போது அவர் எங்கே? டிரம்ஸை இறக்கிக்கொண்டிருந்தார். நான்காவது நடை. அச்சகத்துக்காரர் அவசரப்படுத்தினார்.

"இப்போதைக்கு என் பேரைப் போடுங்க" என்றேன்.

பாட்டு ஓடியது. பிறகு யார் போய்த் திருத்துவது? பேட்டிகளில், ஏழாவது மாடி என்பது மனிதனின் தனிமை என்றேன். லிஃப்ட் பழுது என்று ஒருமுறையாவது சொன்னேனா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்! ஒருவர் இவ்வளவு நல்லவராக இருந்தால் மற்றவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்!

போன மாதம் இசைத்தட்டுக் கம்பெனி மறுபதிப்பு போடுவதாகச் சொன்னது. அவர் படுத்திருந்த மருத்துவமனைக்குப் போய், "பேரை மாத்திடறேண்ணே" என்றேன்.

"இப்ப என்னடா அவசரம்?" என்று சிரித்தார்.

அண்ணி சிரிக்கவில்லை. "அவசரம் எனக்குத்தான். ரேடியோல அந்தப் பாட்டு வந்தா எந்திரிச்சு சமையலறைக்குப் போயிடறேன். ஒரு தடவையாவது இவர் பேரோட வரட்டும். உக்காந்து கேக்கறேன்."

அவர் இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

குழுவில் எஞ்சிய நாங்கள் மூவரும் தொடர்ந்து வாசிப்போம். எங்கள் ஆறு காதுகளில் நாலு கேட்கிறது, அது போதும். இனி எந்த மேடையிலும், எழுதியவர் யார் என்று சொல்லாமல் இந்தப் பாட்டைத் தொட மாட்டேன். இது உறுதி.

மறுபதிப்புக்கான படிவம் இதோ. என் பெயரை அடித்துவிட்டேன். அவர் பெயரை எழுதப் போனபோதுதான் தெரிந்தது: 'இடி' என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. நாற்பத்தோரு வருடத்தில் முழுப்பெயரைக் கேட்டதே இல்லை.

அண்ணி, உட்காருங்கள், நான் இறங்கி வருகிறேன். பேனா இருக்கிறது. நீங்களே எழுதுங்கள்.